வில்டாவின் பேரில் நான்கு தேடல்கள்

வில்டா ப்ரூவிட்டுக்கு ஐம்பத்தெட்டு வயது. கென்டக்கி மாநிலத்தில் டனவே கவுண்டி ஷெரிஃப் அலுவலகத்தில், அதாவது மாவட்டப் போலீஸ் ஆபீஸில், இருபத்திரண்டு வருடமாகப் பதிவு எழுத்தர். என்ன வேலை என்று யாராவது கேட்டால் "பேப்பர் அடுக்கறேன்" என்பாள். பாதிப் பொய். அவள் அடுக்கியது வீட்டில் அடிவாங்கிய பெண்களின் பெயர்களை.

இந்த ஆள் இந்தப் பெண்ணின் பக்கம் வரக்கூடாது என்று நீதிமன்றம் உத்தரவு போட்டால், அது மாநிலப் பதிவேட்டில் ஏறிவிடும். எல்லாம் கம்ப்யூட்டரில்தான். போலீஸ், அரசு வக்கீல், நீதிமன்றம் தவிர வேறு யாரும் அதைத் திறந்து பார்க்க முடியாது. ஏனென்றால் அந்தப் பெண் ஓடிப்போய்க் குடியிருக்கும் புது விலாசமும் அதில்தான் இருக்கும்.

வில்டாவுக்கு ஒரு கெட்ட பழக்கம். படித்த விலாசம் எதுவும் மறக்காது. முட்டை வாங்கக் காரில் போனாலும் மஞ்சள் வீடு, பெட்ரோல் பங்க் பின்னால் மூன்றாவது டிரெய்லர் வீடு, தபாலாபீஸ் மாடி என்று ஒவ்வொரு கதவும் அவளைத் திரும்பிப் பார்க்கும். யாருக்குத் தாடை உடைந்தது, யார் குளியலறையில் ஒளிந்தாள், எல்லாம் தெரியும். புருஷன் ஆரின் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்த வீட்ல என்னத்தப் பாக்கற?" என்பான். "பெயிண்ட் நல்லாருக்கு" என்பாள்.

இவர்களில் ஒருத்தியின் குரல் மட்டும் வில்டாவின் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. அவள் பேர் நோரீன். பதிவேடெல்லாம் வராத காலம். உத்தரவின் அசல் காகிதம் நீதிமன்ற அலமாரியில் இருக்கும். அலமாரியை வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் நோரீன் போன் செய்தாள். புருஷன் வாசலில் நிற்கிறான், தன்னிடம் இருந்த நகலைக் கிழித்துப் போட்டுவிட்டான் என்றாள். உத்தரவைக் கண்ணால் பார்க்காமல் டெபுடிகள், அதாவது ஷெரிஃபின் போலீஸ்காரர்கள், அவனைப் பிடிக்கமாட்டார்கள். வில்டா, "திங்கக்கிழமை கோர்ட் திறந்ததும் மொத வேலையா பாத்துடலாம்மா" என்றாள். அந்தப் பெண் கத்தவில்லை, அழவில்லை. "சரிங்க" என்று வைத்துவிட்டாள். அவளுக்குத் திங்கட்கிழமை வரவே இல்லை.

திட்டியிருந்தால்கூட மறந்திருக்கலாம். அந்த மரியாதையான "சரிங்க"தான் போகமாட்டேன் என்றது. பீன்ஸ் கொதிக்கும்போது கேட்கும். துணி துவைக்கும் மெஷின் நின்ற பிறகு வரும் அமைதியில் கேட்கும். வில்டா யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மாத்திரை கொடுப்பார்கள், வேறென்ன செய்வார்கள்?

பதிவேடு வந்ததும் அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். விதிகள் கறாரானவை. ஆளுக்கொரு பாஸ்வேர்டு, ஒவ்வொரு தேடலுக்கும் காரணம் எழுத வேண்டும், சும்மா விட்டால் திரை பூட்டிக்கொள்ளும். ஆனால் நான்கு டெபுடிகளும் பாஸ்வேர்டை மறப்பதில் மன்னர்கள். ஒரு சனிக்கிழமை ஒருத்தி போனில் காத்திருக்க, டெபுடி நாற்பது நிமிடம் திறக்க முடியாமல் தடுமாறினான். திங்கட்கிழமை வில்டா தன் பாஸ்வேர்டை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மேஜை இழுப்பறைக்குள் ஒட்டினாள். "சனி ஞாயிறுல எவளாவது கூப்பிட்டா என் பேர்ல திறந்து பாருங்கடா. காத்திருக்க வைக்காதீங்க" என்றாள். பதினோரு வருடம் அப்படித்தான் ஓடியது. எந்தப் பெண்ணுக்கும் திங்கட்கிழமை என்று பதில் போகவில்லை. வில்டாவுக்கு அதில் உள்ளூரப் பெருமை.

வருடா வருடம் மார்ச்சில் மாநிலத்திலிருந்து ஒரு பட்டியல் வரும். உன் பேரில் நடந்த தேடல்கள் இவை, எல்லாம் அலுவல் காரணமாகத்தான் என்று கையெழுத்துப் போடு என்பார்கள். பிள்ளைகளின் மார்க் அட்டையில் போடுவதுபோலப் பார்க்காமலே போட்டுவிடுவாள். இந்த மார்ச்சில் பேனாவைத் திறந்தவள் நிறுத்திவிட்டாள். ட்ரீனா ஸ்காஃப் என்ற பேர் நான்கு இடத்தில் இருந்தது.

ட்ரீனாவை நன்றாக நினைவிருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் கழுத்தில் விரல் தடத்தோடு, கையில் ஆறு வயதுப் பெண்ணோடு கவுன்டரில் வந்து நின்றவள். இரண்டு கவுண்டி தள்ளிப் போய்விட்டாள். அதன்பின் புகார் இல்லை, வழக்கு இல்லை. அவளை எதற்குத் தேட வேண்டும்? அதுவும் நான்கு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தே முக்காலுக்கு? அந்த நேரம் வில்டா சர்ச்சில் பாட்டுக்குழுவில் நிற்பாள்.

டியூட்டி அட்டவணையை எடுத்தாள். நான்கு ஞாயிறும் டெரெல் பாக்ஸ். முப்பத்துநான்கு வயது, நல்ல பையன் என்று ஊரே சொல்லும். பிஸ்கட்டும் சாஸேஜும் மென்றுகொண்டே வந்தான்.

"டெரெல், இங்க வா. வாயில இருக்கறத முழுங்கிட்டு வா."

"என்னக்கா, காலங்காத்தால கோர்ட் வச்சிட்டீங்க?"

"ட்ரீனா ஸ்காஃபை எதுக்குத் தேடின?"

அவன் காது சிவந்துவிட்டது. "உங்க பேர்தானே போட்டிருக்கு?"

"நான் அப்போ சர்ச்ல பாடிட்டிருந்தேன். நான் கத்தற கத்தல் உனக்கே கேட்டிருக்குமே."

சிரித்துப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை.

"லோனி கேட்டான்க்கா" என்றான். லோனி, ட்ரீனாவின் முன்னாள் புருஷன். "ஏழாம் கிளாஸ்லேர்ந்து சேக்காளி. பொண்ணைப் பாத்து ரெண்டு வருஷம் ஆச்சுன்னு அழுவுறான். பொறந்தநாள் கார்டு அனுப்பணுமாம். ஊர்ப் பேரு மட்டும்தான் சொன்னேன்."

"ஊர்ப் பேருக்கு எதுக்குடா நாலு தடவை?"

அவன் தரையைப் பார்த்தான். "மொதல்ல ஊரு. அடுத்த வாரம் தெரு. அப்புறம் வீட்டு நம்பர்."

"நாலாவது?"

"நம்பரைத் தப்பா எழுதிட்டானாம்."

வில்டா பட்டியலை மறுபடி பார்த்தாள். நம்பர் தப்பு என்று லோனிக்கு எப்படித் தெரியும்? போய்ப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

ஷெரிஃப் கார்லண்ட் பள்ளிக்கூடத்தில் அவளோடு படித்தவர். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "வாரண்ட் சரிபாத்தேன்னு எழுதிக் கையெழுத்தப் போடு, வில்டா. யாரு வந்து தோண்டப் போறா?"

"அந்தப் பொண்ணு?"

"ஒண்ணும் ஆகலைல்ல?"

"இன்னிக்கு வரைக்கும்."

"பாஸ்வேர்டை ஒட்டி வச்சது நீ. மொதக் கத்தி உன் கழுத்துக்குத்தான் வரும். டெரெலுக்கு வேற ரெண்டு குழந்தைங்க இருக்கு."

"ட்ரீனாவுக்கு ஒண்ணுதான். எண்ணிக்கையில தோத்துட்டா, அப்படித்தானே?"

வெளியே வந்தாள். ஆனால் அவர் சொன்னதில் ஒன்று உண்மை, அது முள்ளாய்க் குத்தியது. செத்தவளுக்குப் பயந்து திறந்து வைத்த கதவு அது. அதன் வழியாகத்தான் உயிரோடு இருப்பவளிடம் ஒருத்தன் போய்விட்டான்.

பதிவேட்டைத் திறந்தாள். ட்ரீனா ஸ்காஃப், ஐந்தாவது தேடல். காரணம் என்ற கட்டத்தில் "அவளுக்குச் சொல்ல" என்று அடித்தாள். நம்பரைச் சுழற்றினாள். ஏழு முறை மணி அடித்தது.

"ஹலோ?" தாழ்ந்த குரல்.

"டனவே ஷெரிஃப் ஆபீஸ்லேர்ந்து வில்டா பேசறேம்மா."

ஒரு மூச்சு. "செத்துட்டானா?"

கேட்ட விதத்தில் ஆசை இருந்தது. "இல்லம்மா. உங்க விலாசம் லோனிக்குத் தெரிஞ்சுபோச்சு. எங்க ஆபீஸ்லேர்ந்துதான் போச்சு. என் பாஸ்வேர்டுல."

அந்தப் பக்கம் டிவியில் கார்ட்டூன் ஓடியது.

"எப்போ?"

"மூணு வாரம் ஆச்சு."

"அப்போ நான் பைத்தியம் இல்ல" என்றாள் ட்ரீனா, மெதுவாக. "தபால் பெட்டி ரெண்டு தடவை திறந்து கெடந்துச்சு. காத்துன்னு நெனச்சேன். நாய் வேலியில ஒரே இடத்தைப் பாத்துக் குரைக்குது. பூட்டைப் பத்துத் தடவை தொட்டுத் தொட்டுப் பாக்கறேன்னு டாக்டர் மாத்திரை குடுத்திருக்காரு."

"மன்னிச்சிடும்மா."

"அத வச்சு நான் என்ன பண்றது? எவ்ளோ நேரம் இருக்கு எனக்கு, அதச் சொல்லுங்க."

"தெரியல. உங்க ஊர் போலீஸுக்கு இப்பவே சொல்றேன், வாசல்ல வண்டி வந்து நிக்கும். நீங்க துணிய எடுங்க."

"எங்க போறேன்னு உங்களுக்குச் சொல்லணுமா?"

"யாருகிட்டயும் சொல்லாதீங்க. எங்கிட்டயும்தான்."

போனை வைத்ததும் அந்த ஊர் போலீஸைக் கூப்பிட்டாள். பிறகு பட்டியலை எடுத்து நான்கு வரிக்கும் எதிரே "நான் இல்லை" என்று எழுதினாள். கீழே, பாஸ்வேர்டை ஒட்டி வைத்தது நான்தான், பதினோரு வருடமாக, என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தபாலில் சேர்த்தாள்.

அன்று சாயங்காலமே ட்ரீனா பெண்ணோடும் நாயோடும் கிளம்பிவிட்டாள். சனிக்கிழமை காலி வீட்டின் பின்படிக்கட்டில் லோனி உட்கார்ந்திருந்ததைப் போலீஸ் பார்த்தது. எட்டு மாதம் உள்ளே போட்டார்கள். டெரெலின் பேட்ஜைப் பிடுங்கிக்கொண்டார்கள். வில்டாவுக்குப் பதிவேட்டைத் திறக்கும் உரிமை போய்விட்டது. வாகனப் பதிவுக் கவுன்டரில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். தேவாலயத்தில் டெரெலின் அம்மா இன்னும் அவள் பக்கத்தில் உட்காருவதில்லை.

பழைய விலாசங்கள் தலையைவிட்டுப் போகவில்லை. மஞ்சள் வீடு இன்னும் பார்க்கிறது.

டிசம்பரில் ஒரு நாள் வரிசை நகர்ந்து நகர்ந்து லோனி அவள் முன்னால் வந்து நின்றான். மெலிந்திருந்தான், முகச்சவரம் செய்திருந்தான். பிக்கப் வண்டியின் காகிதத்தை நீட்டினான்.

"வில்டா அக்கா, அவ எங்கன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியாது."

அவன் முகத்தைத் திருப்பவில்லை. அவள் கண், வாய், கை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தான். எது பொய், எது பயம் என்று பிரித்துப் பார்த்துப் பழகிய கண்கள். வில்டா அசையாமல் உட்கார்ந்து பார்க்க விட்டாள். எவ்வளவு தோண்டினாலும் அவன் கையில் எதுவும் கிடைக்காது. நிஜமாகவே அவளுக்குத் தெரியாது.

முத்திரை குத்திக் காகிதத்தைத் திருப்பித் தள்ளினாள்.

"அடுத்தவங்க வாங்க" என்றாள்.