அத்தான் சைக்கிள்

எழுபதுகளில் தூத்துக்குடியில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் தினமும் சாயங்காலம் ஒரு சைக்கிளைத் துடைப்பார். உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும் ஊர். நல்ல தண்ணீரால் கழுவி, துணியால் ஒற்றி, செயினுக்கு எண்ணெய் விடுவார். ஆள் குட்டை, சீட்டோ அவர் நெஞ்சுக்கு வரும். ஓட்டி நான் பார்த்ததில்லை.

"சீட்டைக் கொஞ்சம் இறக்கலாம்லா அண்ணாச்சி?" என்றேன்.

"எங்க அத்தான் வண்டிலா தம்பி. அவருக்கு இதான் அளவு."

அத்தான் கடலில் மூழ்கிச் சங்கு குளித்தவர். குளிப்பவரின் கயிற்றைப் படகிலிருந்து மச்சினன்தான் பிடிக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். அக்காள் தாலியை நினைத்தால் அவன் கை அசராதாம். அடியில் இருப்பவர் கயிற்றைச் சுண்டினால் உடனே தூக்க வேண்டும். அத்தானுக்கு இவர்தான் கயிறு பிடித்தார். ஒருநாள் வெறும் கயிறுதான் மேலே வந்தது.

எண்ணெய் விட்டதும் பெடலைச் சுற்றி, செயினை விரல்களுக்கு நடுவே ஓடவிடுவார். சட்டென்று நிறுத்தித் தலையைச் சாய்த்துக் காத்திருப்பார்.

"எங்கயும் பிடிக்குதா அண்ணாச்சி?"

"இல்ல தம்பி. அன்னைக்குச் சுண்டினது அத்தானா, அலையான்னு இந்தக் கைக்குத் தெரியல. அதான், பழக்குதேன்."

அதன்பிறகு என் சைக்கிள் செயினை நான் விரலால் தொட்டதில்லை. எண்ணெயைச் சொட்டவிட்டுக் கையை எடுத்துக்கொள்வேன்.