வஹாப் அடக்கம் செய்த நான்கு பிளாக்குகள்

ராயபுரம் அப்துல் வஹாப் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டியவர். 1999 மார்ச் 9ஆம் தேதி அவர் வயிற்றிலிருந்து பதினொரு சென்டிமீட்டர் கட்டி ஒன்றை எடுத்தார்கள். சதைப் பரிசோதனைக் கூடத்தில் நான் எழுதிய ரெஜிஸ்டரில் அதன் எண் 612.

இரைப்பைச் சுவரில் வளரும் இவ்வகைக் கட்டிகளில் செல்கள் பெரும்பாலும் ஒல்லியாக, நூல்கற்றை போலப் படுத்திருக்கும். வஹாபுடையதில் எல்லாம் உருண்டை. ஒவ்வொன்றின் கருவைச் சுற்றியும் வெற்று வளையம். எங்கள் கூடத்து டாக்டர் ரகுபதி மூன்று நாள் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். ‘அரிய வகைத் தசைக் கட்டி’ என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

மூன்று வாரம் கழித்து வஹாப் வந்தார்.

“வெட்ன சதய குட்த்துடு சார். எங்கள்ல உடம்புலேர்ந்து எது பிரிஞ்சாலும் மண்ணுல வெச்சிடணும்.”

மீதிச் சதையைக் கொடுத்தேன். அலமாரியில் இருந்த பிளாக்குகளைக் காட்டி அது என்ன என்றார். சதைத் துணுக்கை மெழுகில் பதித்து வைத்திருக்கிறோம் என்றேன்.

“அப்போ அதுலயும் நான் கீறேனா? அத்த மட்டும் ஜெயில்ல வெச்சிகினு இன்னா பண்ணப்போற?”

ரெஜிஸ்டரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு நான்கையும் கொடுத்தேன். அன்று மாலையே கபர்ஸ்தானில் புதைத்தார். பிளாக்கிலிருந்து முன்பே மெல்லியதாகச் சீவிச் சாயம் ஏற்றிய ஒரே ஒரு கண்ணாடி ஸ்லைடு எங்களிடம் தங்கியது.

2003 ஆகஸ்டில் கட்டி ஈரலில் திரும்ப வந்தது. ஊசி போட்டுச் சதை எடுத்தால் ரத்தம் நிற்காது என்றார்கள். அதற்குள் ஒரு புதுச் சாயம் வந்திருந்தது. அதில் பழுப்பு நிறம் ஏறினால் இது வேறு வகைக் கட்டி. அதற்கு மாத்திரை உண்டு. சான்று இல்லாமல் மாத்திரை தரமாட்டார்கள்.

“உருண்டைச் செல்லிலும் இது வருமாம். பிளாக்கை எடுங்க” என்றார் ரகுபதி.

நான் ரெஜிஸ்டரை எடுத்து வஹாபின் கையெழுத்தைக் காட்டினேன்.

எதிரில் நின்ற வஹாப் சிரித்தார். “எனக்கு மின்னாடியே போய் எடம் புட்ச்சிகீது சார்.”

“சிரிக்கிற நேரமா இது? போய்த் தோண்டுங்க. மெழுகு மக்காதாமே” என்று அதட்டினார் கூட வந்திருந்த மனைவி ஜீனத்.

மறுநாள் வஹாப் கபர்ஸ்தானுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

“அந்த எட்த்துல ஒரு பச்சக் கொயந்தய வெச்சிட்டாங்க. அத்த எயுப்பிட்டு நான் மாத்திர துன்னணுமா?”



மிஞ்சியது ஸ்லைடு. பழைய சாயத்தைக் கழுவிப் புதியதை ஏற்றலாம். ஒரு தடவைதான் முடியும். செப்டம்பர் 4, காலை பத்து ஐம்பதுக்கு ரகுபதி, புதுச் சாயம் பிடிப்பதற்காகச் சூடேற்றிய நீரிலிருந்து அதை எடுத்தார். கண்ணாடி வெறுமையாக இருந்தது. சதை உரிந்து, வெங்காயச் சருகு போல நீரில் மிதந்தது.

நவம்பர் 21 அன்று வஹாப் இறந்தார். நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடித்து ஜீனத் வந்தார்.

“அவருக்கு வந்தது இன்னா சீக்குன்னு எய்தி குடுங்க சார்.”

612ஆம் வரியில் இருந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தேன். அவர் கேள்விக்குறியின்மேல் விரலை வைத்து நின்றார். நான்கு பிளாக்கில் ஒன்றையாவது நான் நிறுத்தி வைத்திருக்க வேண்டும் என்று அவரிடம் சொன்னேன்.

“நாலயும் குட்த்துட்டீங்கன்னு அன்னிக்கு வூட்டுக்கு வந்து எவ்ளோ சந்தோசப்பட்டாரு தெரியுமா சார்” என்றார் ஜீனத்.