புட்டி வைத்த படகு

படகு வந்த அன்று நான் முதலில் பார்த்தது அதன் இருக்கைகளைத்தான். பழைய கார்களுக்குக் குஷன் தைப்பது என் தொழில். யார் எதைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் என்ன எஞ்சின், என்ன வருஷம் என்று கேட்கமாட்டேன். சீட்டைத் தூக்கி அடியில் எலி கூடு கட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். இந்தப் படகில் எலி இல்லை. முன்னால் இரண்டு பேர், பின்னால் மூன்று பேர் உட்காரலாம். தோல் மட்டும் காய்ந்து கருவாடாகிக் கிடந்தது.

ஈப்போ பக்கத்தில், செமோரில் எங்கள் பட்டறை இருக்கும் இடம் ஒரு காலத்தில் தோட்டம். ரப்பர் பால்மரத்தை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை போட்டார்கள், செம்பனையை வெட்டி வீடு கட்டினார்கள், மிச்சம் விழுந்த ஓரத்தில் நாங்கள் தகரக் கூரை போட்டுக்கொண்டோம். தம்பி இரும்பு வேலையும் பெயிண்டும், நான் குஷன். பழைய இங்கிலாந்துக் கார்களின் கூரையை நான்கு அங்குலம் வெட்டித் தாழ்த்தி, ஜப்பான் எஞ்சினை உள்ளே திணித்து, பார்ப்பவன் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஆக்கித் தருவதில் தம்பிக்கு ஈப்போ முழுக்கப் பெயர் உண்டு. எனக்குப் பெயர் என் வாயால். நரம்பில்லாத நாக்கு என்பார்கள். எனக்கு அதில் பிரேக்கும் இல்லை.

படகைக் கொண்டுவந்தவர் பாரிட் புந்தாரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பாய். பழைய தோட்டத்துத் துரை பங்களாவை இடித்தபோது, பின்கொட்டகையில் வெள்ளைக்காரன் விட்டுப்போன இந்த மரப் படகு கிடைத்ததாம். இடிக்க வந்தவன் விறகுக்குக் கொடுக்க இருந்ததை இவர் வாங்கிவிட்டார். கோப்பெங் பக்கம், ஈயம் தோண்டி விட்ட பள்ளத்தில் தேங்கிய குளக்கரையில் அவருக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. அந்தக் குளத்தில் படகை ஓட்டவேண்டும் என்பது ஆசை.

"நாங்க காருதான் செய்வோம் பாய்," என்றேன்.

"காருக்குச் சக்கரம் இருக்கு, இதுக்கு இல்ல. வேலை உங்களுக்குக் குறைச்சல்தானேம்மா?" என்று சிரித்தார்.

தம்பி படகைச் சுற்றி வந்தான். முன்பெல்லாம் ஒரு வண்டியை இரண்டு நிமிஷத்தில் சுற்றி வந்து விலை சொல்லிவிடுவான். அன்று பத்து நிமிஷம் ஆனது. அதற்கு முந்தைய வருஷம் அவனுக்குப் பக்கவாதம் வந்திருந்தது. கால் சரியாகிவிட்டது. வலது கை பாதிதான் திரும்பி வந்தது. பேச்சில் ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு ஸ்டாப் இருந்தது. அந்த இடைவெளியை நான் நிரப்பிவிடுவேன். ஆஸ்பத்திரியில், கடைத்தெருவில், வாடிக்கையாளர் முன்னால், அவன் தொடங்குவான், நான் முடிப்பேன். அது அவனுக்கு நான் செய்யும் உதவி என்றே நினைத்திருந்தேன்.

ஷா ஆலமில் இருக்கும் அவன் மகள், பட்டறையை மூடிவிட்டு வந்துவிடுங்கள் அப்பா என்று வாராவாரம் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தாள். பாய் போனபிறகு அவன் சொன்னான்: "இந்தப் படகு... தண்ணியில... நின்னுச்சுன்னா, கடை. இல்லேன்னா... சாவி." ஒரு வருஷத்தில் நான் குறுக்கே விழாமல் அவன் முடித்த வாக்கியம் அது ஒன்றுதான். சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு மகளோடு போய்விடுவானாம். அவன் போய்விட்டால் நான் யாரோடு சண்டை போடுவேன்?

பழைய பெயிண்டை உரித்தபோது பலகைகளுக்கு நடுவே சந்து தெரிந்தது. ஐம்பது காசை நிறுத்தி வைக்கலாம், அவ்வளவு. சில இடங்களில் கறுப்பாக ஏதோ மெழுகு மாதிரியும் அதற்குள் பஞ்சுத் திரியும் ஒட்டிக்கொண்டிருந்தன. தம்பி அதை நகத்தால் நோண்டி, முகர்ந்து பார்த்து, வெகுநேரம் நின்றான்.

"அக்கா... இந்தச் சந்து... தண்ணி..."

"தண்ணி உள்ள வரும். அதான் கண்ணுக்குத் தெரியுதேலா! நல்லா அடைச்சிருவோம்."

தலையை ஆட்டினான். கையைத் தூக்கிப் பட்டறையின் பின்கதவைக் காட்டினான். டீக்கடைக்கு அந்த வழியாகத்தான் போவோம்.

"டீயா? முதல்ல இத முடிப்போம், அப்புறம் வாங்கியாரேன்."

அவன் லேசாகச் சிரித்துவிட்டுக் கையைக் கீழே போட்டான்.

அந்தச் சிரிப்பை நான் பயம் என்று படித்தேன். நோய் வந்தவனுக்குத் தைரியம் போய்விட்டது, தள்ளிவிட்டால்தான் ஓடுவான் என்று எனக்கு நானே முடிவு கட்டினேன். காரில் நசுங்கின இடத்தை நிரப்ப வைக்கும், காய்ந்தால் கல்லாகிவிடும் புட்டிப் பசையைக் குழைத்து, நானே கத்தியால் அள்ளி, ஒவ்வொரு சந்திலும் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினேன். பழைய பஞ்சைக்கூடச் சுரண்டி எறிந்தேன். இரண்டு நாளில் படகு முட்டை ஓடு மாதிரி ஒரே வழவழப்பு. அதன் மேல் தம்பி இடது கையால் ஸ்ப்ரே அடித்தான். கை மெதுவாகப் போனதால் பெயிண்ட் முன்பைவிட அழகாக விழுந்தது என்று சத்தியமாகச் சொல்வேன். கருநீலம். நான் சிவப்பு சீட்டுக்கு வெள்ளை ஓரம் தைத்தேன். முன்பக்கம் அவன் கார்களுக்கு வரைவது போல நெருப்பு நாக்கு இரண்டு வரைந்தான். வெள்ளைக்காரத் துரை பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குளத்தில் இறக்கினோம். பாய் குடும்பத்தோடு, ஒரு குண்டான் பிரியாணியோடு வந்திருந்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. பாய் மூன்று சுற்று ஓட்டினார். தம்பி கரையில் உட்கார்ந்து, தட்டைத் தொடாமல், படகையே பார்த்துக்கொண்டிருந்தான். "பாத்தியா, நான் சொல்லல?" என்று அவன் முதுகில் தட்டினேன். பாய் படகை அங்கேயே கட்டிவிட்டுப் போனார்.

புதன்கிழமை போன் வந்தது.

நாங்கள் போனபோது படகு ஒரு பக்கம் சாய்ந்து கரையில் கிடந்தது. புட்டி நீளநீளமாகப் பிதுங்கி வெளியே தள்ளியிருந்தது. கருநீலப் பெயிண்ட் கோடுகோடாக வெடித்திருந்தது. உள்ளே, பலகையைத் தாங்கிக் குறுக்கே வளைந்து போகும் விலாக்கட்டைகளில் மூன்று முறிந்திருந்தன. என் சிவப்பு சீட் சேற்றில் ஊறிக் கிடந்தது.

பாய் பக்கத்தில் ஒரு சீனப் பையன் நின்றிருந்தான், முப்பது வயதிருக்கும். பாரிட் புந்தாருக்கு அப்பால், கடலோரத்தில் மீன்பிடிப் படகு கட்டுகிறவன். பிதுங்கிய புட்டியை ஒடித்துக் கையில் வைத்துப் பார்த்து, மலாயில் கேட்டான்: "இது என்ன, காரா?" பிறகு பொறுமையாகவே விளக்கினான். காய்ந்த பலகை தண்ணீர் குடிக்கும். குடித்தால் ஊதும். ஊதி ஒன்றோடொன்று நெருங்கித்தான் படகு தானே மூடிக்கொள்ளும். அதற்குத்தான் சந்து, அதற்குத்தான் மெத்தென்ற பஞ்சு. கல் மாதிரிப் புட்டியை அங்கே இறுக்கினால் பலகை எங்கே போகும்? விலாவை முறித்துக்கொண்டுதான் போகும்.

எனக்குப் பட்டறையின் பின்கதவு ஞாபகம் வந்தது. மரக்கதவு. ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஊதிக்கொண்டு நிலைக்குள் இறுகிவிடும். இருபது வருஷமாக இடுப்பால் இடித்துத்தான் திறக்கிறேன். தம்பி அன்று காட்டியது அதைத்தான். நான் டீயா என்று கேட்டேன்.

"யாரு வச்சது இந்தப் புட்டிய?" என்றார் பாய்.

"நான்... தான்... பாய்," என்றான் தம்பி.

முந்திக்கொள்ள வேண்டிய அந்த வாக்கியத்தில் நான் முந்திக்கொள்ளவில்லை. ஊருக்கெல்லாம் வாய் காட்டுகிறவள் அங்கே குத்துக்கல் மாதிரி நின்றேன். வெட்கம் என்று சொன்னால் போதாது. என்னையே எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

பட்டறைக்குத் திரும்பியதும் தம்பி பட்டறைச் சாவியை எடுத்து என் தையல் மெஷின் மேல் வைத்தான். மகளுக்குப் போன் போட்டு, வாரேன் என்றான்.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் பாரிட் புந்தாருக்கு வண்டியை ஓட்டினேன். பாய் கல்லாவில் இருந்தார். சாப்பிடுகிற ஆட்கள் காதில் விழட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன்: "பாய், அந்தப் புட்டிய வச்சது நான். என் தம்பி வேணாம்னுதான் சொல்ல வந்தான். நான் சொல்ல விடல."

அவர் ஒரு தே தாரிக் வரவழைத்து என் முன்னால் வைத்தார். "தெரியும்மா. புட்டியோட உள்பக்கத்துல கத்தி பதிஞ்ச தடம் இருந்துச்சே, அந்த அழுத்தம் உங்க தம்பி கையில ஏது?" என்றார். கல்லாவை மூடிவிட்டு, "அவருகிட்ட சொன்னீங்களா?" என்றார்.

"இல்ல பாய்."

"அப்ப என்கிட்ட சொல்லி என்னம்மா ஆவப்போவுது?"

டீயைக் குடிக்காமலே எழுந்து வந்தேன்.

தம்பி வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். நான் வாசலில் நின்றபடியே, "நீ அன்னைக்கி அந்தக் கதவத்தானே காட்டுன?" என்றேன். அதற்கு மேல் அழுகைதான் வந்தது. நான் அழுது அவன் பார்த்தது எங்கள் அம்மா செத்த அன்றுதான். அவன் மடித்த சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். நான் வாயைப் பொத்திக்கொண்டேன், நிஜமாகவே கையால்.

"காட்டினேன்... ஆனா... ரெண்டாந்தரம்... காட்டலியே அக்கா. எனக்கே... என் பேச்சு மேல... நம்பிக்கை போயிருச்சு."

அதை யார் போக்கியது என்று அவன் சொல்லவில்லை.

அவன் பெட்டியைப் பிரிக்கவும் இல்லை, மகள் வீட்டுக்குக் கிளம்பவும் இல்லை. படகு திரும்பிப் பட்டறைக்கு வந்தது. சீனப் பையன் நான்கு சனிக்கிழமை வந்து விலாக்களை மாற்றிக் கொடுத்தான். சந்துகளில் இருந்த புட்டியை நானே கொக்கி வைத்துத் தோண்டி எடுத்தேன். வைத்தது இரண்டு நாள், எடுத்தது இருபது நாள். தம்பி இடது கையால் பஞ்சுத் திரியைத் திணித்துக்கொண்டே போனான், மிருதுவாக, ஊறுவதற்கு இடம் விட்டு. நான் பக்கத்தில் உட்கார்ந்து திரி திரித்துக் கொடுத்தேன். வானொலியைத் தவிர யாரும் பேசவில்லை. எனக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

மறுபடி குளத்தில் இறக்கிய அன்று பிரியாணி இல்லை. நாங்களும் பாயும் மட்டும். ஆழமில்லாத ஓரத்தில், அடியில் பழைய டயர்கள் போட்டு, கயிற்றை மரத்தில் கட்டி இறக்கினோம். இறக்கிய உடனே எல்லாச் சந்திலிருந்தும் தண்ணீர் கசிய ஆரம்பித்தது. கணுக்கால் அளவு, முழங்கால் அளவு. படகு மெல்ல அமிழ்ந்து டயர் மேல் உட்கார்ந்தது. நெருப்பு நாக்கு இரண்டும் தண்ணீருக்குள் போயின. பாய் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். இழு, தூக்கு, வாளி எங்கே என்று என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. தம்பி அசையாமல் நின்றான். நானும் நின்றேன்.

பலகை ஊறட்டும் என்று மூன்று நாள் அப்படியே விட்டோம். நான்காம் நாள் காலையில் பம்பு வைத்துத் தண்ணீரை இறைத்தோம். படகு கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து மிதந்தது. இறைத்து முடித்துவிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தோம். தம்பி உள்ளே இறங்கி, குனிந்து, பலகை பலகையாக வலது உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்தான். கையைத் தூக்கிக் காட்டினான். ஈரம் இருந்தது, தண்ணீர் இல்லை.

பாய் சத்தம் போட்டுச் சிரித்தார். நான் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தேன்; அவன் மெஷின் மேல் வைத்த நாளிலிருந்து அதைச் செருகிக்கொண்டேதான் திரிந்தேன். அவன் படகில் நின்றபடியே வாயைத் திறந்தான்.

"அக்கா... நாளைக்கி..."

நிறுத்தினான். நாளைக்கு என்ன என்று எனக்கு ஆயிரம் தோன்றியது. நாளைக்கு நான் கிளம்புறேன், நாளைக்கு மகள் வாரா, நாளைக்குப் போலாம். பாயும் சிரிப்பை நிறுத்திவிட்டு அவன் முகத்தையே பார்த்தார். சாவியை நீட்டியபடி நின்றேன். நான் காத்திருந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் யாருக்காகவும் காத்திருந்ததில்லை.

"...கதவ... நான்... தொறக்கிறேன்," என்று முடித்தான்.