பதினான்காவது கைவீச்சு

என் அக்கா லூர்தம்மாளின் மகள் லிபியா தூக்கத்தில் எண்ணுவாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரியாணி சாப்பிட்டுவிட்டுக் கண் அசந்தால் போதும், உதடு அசையத் தொடங்கிவிடும். பன்னிரண்டு, பதிமூன்று, பதினான்கு. உடனே ஒரு புரளல், காலால் சுவரில் ஓர் உதை, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பம். சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்ததற்கு வீட்டு ஓனரிடம் பேச்சு வாங்கியவள் நான்.

ஊரில், சாமல்பட்டிக் கிணற்றில், இடுப்பில் காலி எண்ணெய் கேன் கட்டி நீச்சல் பழகியவள் அவள். ஓசூரில் கல்லூரியில் சேர்ந்ததால் என்னோடு தங்கினாள். எனக்கு வண்டி உதிரிபாகக் கம்பெனியில் வேலை. பெட்ரோல் டேங்கைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் சிவப்புச் சீட்டு ஒட்டி ஒதுக்கிவிடுவோம். எட்டு மணி நேரம் தண்ணீரையே பார்க்கிற எனக்கு முழங்கால் ஆழத்தில் இறங்கப் பயம்.

கல்லூரியில் குளம் கிடையாது. பெங்களூரில் ஐம்பது மீட்டர் குளம் ஒன்றை விசாரித்தோம். மாதக் கட்டணம் என் சம்பளத்தில் பாதி. போய்த் திரும்புவதற்குள் இரண்டு வகுப்பு முடிந்துவிடும். கடைசியில் பாகலூர் ரோட்டில் ஓர் அபார்ட்மெண்டில் வழி பிறந்தது. அங்குள்ள குழந்தைகளுக்கு அவள் காலையில் ஒரு மணி நேரம் நீச்சல் சொல்லித்தர வேண்டும். கூலியாக அரை மணி நேரம் குளம் அவளுக்கு. அது பதினெட்டு மீட்டர் குளம். பதினான்கு முறை கை வீசினால் சுவர். தண்ணீருக்குள்ளேயே ஒரு குட்டிக்கரணம் போட்டுச் சுவரை உதைத்துத் திரும்புவாள். மூன்று வருடம் இப்படியே போயிற்று.

மார்கழிக் காலையில் அந்தக் குளத்தின் மேல் பனி இறங்கியிருக்கும். தண்ணீர் எது, பனி எது என்று தெரியாது. அதற்குள் அவள் கை மட்டும் மெல்ல எழும்பி மெல்ல மறையும். நீச்சல் கண்ணாடி போட்டிருந்தும் கண்ணை மூடிக்கொண்டுதான் நீந்துவாள். திட்டினால் சிரிப்பாள்.

“கண்ண மூடுனா கொளம் பெருசாயிடுது சித்தி.”

கடைசி வருடம் சேலத்தில் பல்கலைக்கழக நீச்சல் அணிக்கான தேர்வுப் போட்டி வந்தது. ஐம்பது மீட்டர், நடுவில் திரும்பாமல் ஒரே நீச்சல். முதல் இரண்டு பேருக்குப் பெரிய குளத்தில் ஒரு மாதப் பயிற்சி, சாப்பாடு, தங்குமிடம், எல்லாம் பல்கலைக்கழகச் செலவு. ஒரு மாதம் முழுக்க ஐம்பது மீட்டர்! படிப்பு முடிந்தால் இந்த வாசலும் அடைபட்டுவிடும் என்பது அவளுக்குத் தெரியும். சோறு பிசையும்போதுகூட அவள் கை அந்தக் குளத்தில்தான் இருந்தது.

கல்லூரி விளையாட்டு ஆசிரியர் தீர்த்தகிரி போன் பண்ணினார். “தொணைக்கு ஒரு லேடீஸ் வரணுங்க. இல்லீன்னா பேர் குடுக்க முடியாதுங்க.” ஒரு நாள் சம்பளம் போனால் போகிறது என்று நானே கிளம்பினேன்.

அவ்வளவு நீலத்தை ஒரே இடத்தில் நான் பார்த்ததில்லை. மறுகரை எங்கோ வெயிலில் மிதந்தது. ஆறு பெண்கள் நின்றார்கள். விசில் அடித்ததும் பாய்ந்தார்கள். எங்கள் பெண் அரை ஆள் முன்னால்! வெட்கத்தை விட்டுக் கத்தினேன்.

நட்ட நடுக் குளத்தில் அவள் குட்டிக்கரணம் போட்டாள். காலை நீட்டி உதைத்தாள். அங்கே சுவர் இல்லை. குமிழி கொத்தாக மேலே வந்தது. அதைவிடக் கொடுமை, கரணத்தில் திசை மாறிப் புறப்பட்ட இடத்துக்கே நீந்த ஆரம்பித்தாள்.

“யாருப்பா அது, பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சுன்னு திரும்பிப் போவுது!” என்றான் பின்னால் ஒருவன். சுற்றிலும் சிரித்தார்கள். செருப்பைக் கழற்றலாமா என்று வந்தது எனக்கு.

மூன்று வீச்சு போனபின் தலையைத் தூக்கிப் பார்த்தாள். திரும்பினாள். அவள் கரை சேரும்போது மற்றவர்கள் தலை துவட்டிக்கொண்டிருந்தார்கள்.

துண்டைப் போர்த்திவிட்டேன்.

“கால வெச்சேன் சித்தி. செவுரு இல்ல.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று வருடம் அவள் பதினான்கில் திரும்புவதைப் பார்த்து ரசித்தவள் நான். ஐம்பதுக்கு இது போதுமா என்று ஒரு நாள் கேட்டதில்லை. “பரவால்லம்மா” என்றார் தீர்த்தகிரி. அவள் நீந்துவதை அவர் பார்த்ததே அன்றைக்குத்தான்.

விசில் வைத்திருந்தவரிடம் நேராகப் போனேன். “ஆம்பளப் பசங்க போட்டிக்கு முன்ன இந்தப் புள்ள கொஞ்ச நேரம் எறங்கிக்கட்டுங்களா சார்?” அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கால் மணி நேரம் தந்தார்.

கண்ணைத் திறந்துகொண்டு நீந்தினாள். அடியில் கறுப்புக் கோடு போய்க்கொண்டே இருந்தது, அவளும் போய்க்கொண்டே இருந்தாள். வெயில் அவள் முதுகில் ஏறி இறங்கியது. நான் எங்கே இருக்கிறேன் என்பதே எனக்கு மறந்துபோயிற்று. அவளை வெளியே வரவழைக்க இரண்டு முறை விசில் அடிக்க வேண்டியிருந்தது.

“எத்தன கை ஆச்சு?”

“எண்ணல சித்தி.”

பட்டியலில் இரண்டு பெயர் ஒட்டினார்கள். அவள் பெயர் இல்லை. பஸ்ஸில் கிருஷ்ணகிரி தாண்டும்வரை என் தோளில் தூங்கினாள். உதடு அசையவில்லை.

திங்கட்கிழமை எனக்கு இரண்டாம் ஷிப்ட். அவளோடு அபார்ட்மெண்டுக்குப் போனேன். குழந்தைகள் போனபின் அவளுடைய அரை மணி நேரம் தொடங்கியது. இந்த முறை நான் எண்ணினேன். பன்னிரண்டு, பதிமூன்று, பதினான்கு.

அவள் கரணம் போடவில்லை. கை நேராகப் போய் டைல்ஸில் மோதிய சத்தம் எனக்கே கேட்டது. ஓடினேன். விரல் முட்டியில் தோல் பிய்ந்து ரத்தம்.

“வலிக்குதா கண்ணு?”

அவள் கையைப் பார்க்கவில்லை. சுவரில் சாய்ந்து, வந்த வழியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒருமுறை பார்த்தாள்.

“அதுக்குள்ள முடிஞ்சிடுச்சு சித்தி” என்றாள்.