ஒட்டின தோசை

எழுபதுகளின் நடுவில் நாங்கள் கரியாஹாட் சந்தைக்குப் பின்புறம் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பாவுக்கு மத்திய அரசு வேலை. ஹவுராவில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்த சித்தப்பாவும் எங்களோடுதான் இருந்தார். தெருவெங்கும் கரி அடுப்புப் புகை எழும்பும் சாயங்கால வேளையில் அம்மா தோசை வார்ப்பாள். அதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. கல் சரியாகப் பதப்படாததால் முதல் தோசை ஒட்டிக்கொண்டு கிழியும். அதைத் தனக்கென்று எடுத்து வைத்துவிடுவாள். பிறகு அப்பாவுக்கு, சித்தப்பாவுக்கு, எனக்கு. நாங்கள் கை கழுவிய பின், ஆறி விறைத்துப்போன அந்த முதல் தோசையோடு உட்காருவாள். இந்த வரிசையை யார் போட்டார்கள் என்று யாரும் கேட்டதில்லை.

மாடி வீட்டு வங்காளிப் பெண்ணை நான் தீதி, அதாவது அக்கா, என்று கூப்பிடுவேன். அம்மாவைச் சித்தி முறையில் மாஷிமா என்பாள் அவள். உளவியல் படித்துக்கொண்டிருந்தாள். படிப்புக்காகக் குடும்பப் பெண்களிடம் சில கேள்விகள் கேட்க வேண்டும் என்று ஒரு ஞாயிறு காலை வந்து அம்மாவின் எதிரில் உட்கார்ந்தாள்.

"மாஷிமா, உங்களுக்கு ரொம்பப் பிடித்த சாப்பாடு எது?"

மீன்காரி முதல் கறிகாய்க்காரன் வரை பேரம் பேசி வங்காளம் கற்றவள் அம்மா. கேள்வி புரியாமல் இல்லை. அப்பாவுக்கு வத்தக்குழம்பு என்றாள். சித்தப்பாவுக்கு உருளைக்கிழங்கு. எனக்கு அப்பளம். தீதி பொறுமையாகத் தலையாட்டினாள்.

"அது இல்லை மாஷிமா. உங்களுக்கு?"

அம்மா யோசித்தாள். கேட்ட கேள்விக்கு அவள் பதில் தேடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதற்குள் அப்பா பேப்பரை இறக்கினார்.

"இவளுக்குக் கல்லுல ஒட்டின தோசைன்னா உசிரு. ஒருத்தருக்கும் குடுக்கமாட்டா" என்று சிரித்து, தீதிக்காக அதையே ஆங்கிலத்திலும் சொன்னார். கேலியில்லை. நிஜமாகவே அப்படி நம்பியிருந்தார். நானும்தான்.

தீதியின் பேனா நகர்ந்தது.

"அழிச்சிடு" என்றாள் அம்மா. உடனே வங்காளத்தில், இன்னும் உரக்க: "முச்சே தாவ்!"

"அப்ப என்ன எழுத, மாஷிமா?"

"சாயங்காலம் வா. சொல்றேன்."

சாயங்காலம் தீதி வந்து சமையலறை வாசலில் நின்றாள். நாங்கள் தட்டோடு உட்கார்ந்திருந்தோம். வழக்கம்போல முதல் தோசை கிழிந்தது. அம்மா அதைச் சுரண்டி எடுத்து அப்பா தட்டில் போட்டாள்.

"கிழிஞ்சிருக்கே?"

"தெரியும். சாப்பிட்டுப் பாருங்க. உசிரா இருக்கான்னு சொல்லுங்க."

இரண்டாவது தோசை பொன்னிறமாக, ஓரம் தூக்கி எழுந்தது. அதைத் தன் தட்டில் போட்டுக்கொண்டு, எங்கள் வரிசையிலேயே ஒரு பலகையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, ஆவி பறக்கச் சாப்பிட்டாள்.

சித்தப்பாவுக்கு வாய் சும்மா இருக்காது. "என்ன அண்ணி, வீட்டுக்குள்ளயும் பந்த்தா?"

"பந்த் இல்ல தம்பி. கல்லு காயுது, மாவு பக்கத்துல இருக்கு. கை உங்களுக்கும் இருக்கு."

அவர் சிரித்துக்கொண்டே எழுந்து வார்த்தார். அது எந்த வடிவத்திலும் சேராத ஒன்றாக வந்தது. "இன்னொண்ணு ஊத்துங்க" என்று அம்மா தட்டை நீட்டினாள். அப்பா அவளையே பார்த்தபடி கிழிந்ததை மென்றார்.

அம்மா வாசல் பக்கம் திரும்பி தீதியிடம் சொன்னாள்: "இப்ப எழுதிக்கோ. தோசை. முழுசா, சூடா, எல்லாரோடயும் உக்காந்து."

தீதி எழுதவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஏன் எழுதவில்லை என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. என் தட்டு காலியாக இருந்தது. சித்தப்பா அடுத்து வார்த்துப் போட்ட தோசையில் பாதியை அம்மா பிய்த்து அதில் போட்டு, "ஆறறதுக்குள்ள சாப்பிடு" என்றாள். நாக்கு சுட்டது.

பாவம், மத்தியானம் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.