மூன்றாவது ஆளுக்குத் தண்ணீர் கிடையாது

யாரோ சொல்லி நான் கேட்ட கதை இல்லை இது. என் இரண்டு கைகளாலும் தொட்டுப் பார்த்தது. நான் நர்ஸ். இருபது வருஷமாக ரத்தத்தோடும் சீழோடும் பழகியவள். காற்றில் கதவு ஆடினால் அலறுகிற ரகம் இல்லை. அன்றைக்கு எனக்குக் காய்ச்சலும் இல்லை, ஒரு சொட்டு சாகே மதுகூட நான் குடித்திருக்கவில்லை.

ஜப்பானில், நீகாட்டா மலைப்பக்கத்தில் எங்கள் ஊர். ஜனவரி வந்தால் கீழ்வீட்டு ஜன்னல் வரைக்கும் பனி ஏறிவிடும். ஊருக்கு ஒரே டாக்டர், சயேகி. அவரிடம்தான் வேலை பார்த்தேன். வேலை என்றா சொன்னேன்? அவர் எனக்குத் தெய்வம்.

ஏழு வயதில் கூரைப்பனி சரிந்து என் மேல் விழுந்தது. தோண்டி எடுத்தபோது இரண்டு கைகளும் மெழுகு மாதிரி வெளுத்திருந்தன. அப்பா பழைய வழக்கப்படி பனியை அள்ளித் தேய்க்கப் போனார். "தேய்க்காதய்யா, விரல் எல்லாம் உதிர்ந்துடும்!" என்று ஓடிவந்தவர் சயேகி டாக்டர். உடம்புச் சூட்டைவிடக் கொஞ்சம் கூடுதலாக வெந்நீர் வைத்து, அதில் என் கைகளை முக்கிப் பிடித்துக்கொண்டார். வலியில் கத்தினேன். அவர் விடவில்லை. விடியும்வரை என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பத்து விரலும் பிழைத்தன.

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க டாக்டரய்யா?" என்று கேட்டால், "சீனாவுல, மஞ்சூரியாப் பக்கம். போர்க்காலத்துல" என்பார். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டார். உறைந்துபோன சிப்பாய்களைக் காப்பாற்றியிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். பெருமையாக இருக்கும்.

அது 1984. அன்றைய கடைசி நோயாளி சாகே ஆலையில் வேலை செய்யும் கஞ்சி என்பவன். காது மடல் லேசாக உறைந்து வந்திருந்தான்.

"ரெண்டு கிண்ணம் போட்டா உள்ள சூடா இருக்கும்ல டாக்டர்?"

"உள்ள சூடா இருக்கும். காலையில பொணத்த எடுக்க வர்றவனுக்குத்தான் குளிரும்."

கஞ்சி விழுந்து விழுந்து சிரித்தான். டாக்டரும் சிரித்தார். அவன் போனதும் அவர் தேநீர் குடிக்க மாடிக்குப் போனார். மணி ஐந்தேகால். வெளியே இருட்டிவிட்டது. நான் அடுப்பின் திரியைக் குறைக்கக் குனிந்தேன்.

நிமிர்ந்தபோது... பெஞ்சில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார்.

எங்கள் வாசல் கதவைத் தள்ளினால் மணி அடிக்கும். அடிக்கவில்லை.

முப்பது வயதிருக்கும். உடம்பில் ஒற்றைப் பருத்திச் சட்டை. அந்தக் குளிரில்! தோளில் பனி குவிந்திருந்தது. மண்ணெண்ணெய் அடுப்பு அவர் முழங்காலுக்குப் பக்கத்திலேயே எரிந்துகொண்டிருந்தது. ஆனாலும் பனி உருகவில்லை.

அவர் நடந்து வந்த தரையில் ஈரமும் இல்லை.

அதையெல்லாம் யோசிக்க நேரமில்லை. மடியில் கிடந்த அவர் கைகளைப் பார்த்துவிட்டேன். வெள்ளை. மெழுகு வெள்ளை.

ஓடிப்போய் எனாமல் பேசினில் வெந்நீர் விளாவினேன். வெப்பமானியைப் போட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது.

"இதுல கையை வைங்க."

அவர் தண்ணீரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எனக்கா?" எங்கள் மொழிதான், ஆனால் வெளிநாட்டுக்காரர் பேசுவது போல இருந்தது. திக்கித் திக்கி வந்தது.

"உங்களுக்குத்தான்."

"நான் மூணாவது ஆள்."

"இங்க வேற யாருமே இல்லையே..."

"முதல் ஆளுக்குக் கொதிக்கிற தண்ணி. ரெண்டாவது ஆளுக்கு இந்த மாதிரி. மூணாவது ஆளுக்குத் தண்ணி கிடையாது. சும்மா விட்டுப் பாக்கணும்."

"யார் அப்படிச் சொன்னது?"

அவர் தலையை மட்டும் நிமிர்த்தினார். மேலே... பலகைத் தளத்தில் டாக்டர் நடக்கும் சத்தம்.

நானும் மேலே பார்த்தேன். இருந்தாலும் அவர் கையைத் தூக்கினேன். மணிக்கட்டு பேசினின் விளிம்பில் இடித்தது.

டொக்.

விறகுக் கட்டை இடித்த சத்தம்.

இரண்டு கைகளையும் தண்ணீருக்குள் இறக்கினேன். வெப்பமானியில் பாதரசம் இறங்கியது. இறங்கிக்கொண்டே போனது. விளிம்பிலிருந்து மெல்லிசாக ஆடை கட்டியது.

க்ரீச்... க்ரீச்...

ஐஸ்.

அந்த ஆளின் கண் நிறைந்துவிட்டது.

"சூடா இருக்கும்மா," என்றார்.

படிக்கட்டு முனகியது. டாக்டர் இறங்கி வந்தார். அலறுவார் என்று நினைத்தேன். இல்லாவிட்டால் ஓடிவந்து அந்தக் கைகளைப் பிடித்துக்கொள்வார் என்று நினைத்தேன். என் கைகளைப் பிடித்தவர் ஆயிற்றே.

இரண்டும் நடக்கவில்லை.

பெஞ்சைப் பார்த்ததும் அவர் முதுகு நிமிர்ந்தது. எழுபத்தாறு வயதுக் கூன் போன இடம் தெரியவில்லை. பையிலிருந்து முட்டி தட்டும் சுத்தியலை எடுத்தார். அந்த ஆளின் முழங்கைக்குக் கீழே தட்டினார்.

டொக்... டொக்...

காதைச் சாய்த்துக் கேட்டார்.

"இவனுக்கு யார் தண்ணி குடுத்தது?"

நான் கேட்டறியாத குரல்.

"ஒப்பிட்டுப் பாக்குறதுக்குத்தானே இவனை வச்சிருக்கு? எல்லாம் பாழாப் போச்சு. வெளிய கொண்டு போங்க. மறுபடி உறையட்டும்."

விளக்கு அணையவில்லை. காற்று வீசவில்லை. நான் கண்ணைச் சிமிட்டினேன், அவ்வளவுதான்.

பெஞ்ச் காலி.

பேசின் முழுக்கக் கல்லாக ஐஸ். நடுவில் இரண்டு குழி. இரண்டு கைகளின் அச்சு.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். பழைய முகம் வந்துவிட்டிருந்தது. "என்ன மசுமி, இன்னும் வீட்டுக்குப் போகலையா நீ?"

"அது... யாரு டாக்டரய்யா?"

அவர் சுத்தியலைத் துடைத்துப் பையில் போட்டார்.

"ஆள் இல்ல. மரக்கட்டை."

"அவர் அழுதாரே..."

"கையை நீட்டு." நீட்டினேன். சின்ன வயதில் செய்வது போலவே ஒவ்வொரு விரலாகத் தொட்டார். "பத்தும் இருக்குல்ல? அப்புறம் என்னம்மா கேள்வி?"

அந்த நிமிஷம் வரைக்கும் எனக்குப் பேயிடம்தான் பயம்.

தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தேன். கோட்டைக்கூட எடுக்காமல் பனிக்குள் நடந்தேன். பிறகு அந்தப் படியை மிதிக்கவே இல்லை.

சும்மாவும் இருக்கவில்லை. மாவட்ட டாக்டர்கள் சங்கத்துக்குப் போனேன். மஞ்சூரியாவில் அவர் என்ன செய்தார் என்று விசாரிக்கச் சொன்னேன். பேயைப் பற்றி மூச்சு விடவில்லை. அங்கே இருந்தவர் கதவைச் சாத்திவிட்டு வந்து மெதுவாகச் சொன்னார்: "போர் முடிஞ்சதும் அமெரிக்காக்காரனே அந்த ராணுவ டாக்டருங்க ஆராய்ச்சியை வாங்கிக்கிட்டு, கேஸ் வேணாம்னு விட்டுட்டான். நீங்க யாரும்மா கேக்குறதுக்கு?"

ஊரில் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். கஞ்சி மட்டும் ஒருநாள் வழிமறித்தான். "சோறு போட்ட கையைக் கடிக்கிறியே, நாய்கூட அதைச் செய்யாது." நான் என்ன சொல்ல? அவன் காதும் நன்றாக ஆறியிருந்தது.

டாக்டர் விருது வாங்கினார். எண்பது தாண்டி, தூக்கத்திலேயே, வலியில்லாமல் செத்தார். ஊரே கூடி அழுததாம். நானும் அழுதேன், என் வீட்டுக்குள். அவருக்காகவா, எனக்காகவா என்று இன்றுவரை தெரியவில்லை.

அதற்கப்புறம் ஒரு கண்காட்சி ஊர் ஊராக வந்தது. மஞ்சூரியாவில் ராணுவ டாக்டர்கள் கைதிகளை வைத்துச் செய்த சோதனைகளைப் பற்றி. பக்கத்து நகரத்தில் அதைப் பார்க்கப் போனேன். இகராஷி என்று ஒரு கிழவர் மேடை ஏறினார். அங்கே எடுபிடியாக இருந்தவர்.

கைதிகளை அவர்கள் மரக்கட்டை என்றுதான் சொல்வார்களாம். குளிர்காலத்தில் வெளியே கட்டிவைத்து உறையவிடுவார்களாம். கையைக் கம்பால் தட்டிச் சத்தம் கேட்பார்களாம். "போர் தோத்த அந்த ஆகஸ்ட்ல மிச்சம் இருந்தவங்க அத்தனை பேரையும் கொன்னு எரிச்சோம்," என்றார். "ஒருத்தர்கூடத் தப்பல."

கூட்டம் கலைந்ததும் அவரிடம் போனேன். பெஞ்சில் பார்த்ததை முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். சட்டை, வயது, திக்கிய பேச்சு... எல்லாம்.

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இடது புருவத்துல ஒரு வெட்டு இருந்துச்சா?"

இருந்தது. நான் அதைச் சொல்லியிருக்கவில்லை.

"உங்ககிட்ட என்னம்மா கேட்டான்?"

"எதுவும் கேக்கல. நான் வெந்நீர் குடுத்தேன், வாங்கிக்கிட்டார்."

"குடுத்து வச்சவங்க நீங்க." கிழவர் என் கைகளைப் பார்த்தார். "என் வீட்டுக்கு வருஷா வருஷம் வர்றான். வாசல்ல நின்னு ஒண்ணே ஒண்ணுதான் கேப்பான்."

"என்ன?"

"அவன் பேரு என்னன்னு."

"நீங்க என்ன சொல்வீங்க?"

"எனக்குத் தெரியாதும்மா. அங்க யாருக்கும் நாங்க பேரே கேக்கல. நெஞ்சுல நம்பர்தான் போட்டோம். இப்ப அவனுக்கே மறந்துபோச்சாம்."