இரண்டு தோளிலும் மண்

இன்றைக்கும் எவனாவது என்னைச் சாம்பியன் என்று கூப்பிட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சாம்பியனாம், மண்ணாங்கட்டி! பட்டம் எப்படி வந்தது என்று தெரிந்தால் கூப்பிடுவார்களா?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நான் கோயமுத்தூரில் மில் வேலைக்காரன், குஸ்தி பயில்வான். பட்டம் வந்த அன்றைக்கு என் எதிராளி மேட்டுப்பாளையத்துப் பாக்கு மண்டியில் மூட்டை தூக்குகிறவர். ஜில்லாவில் அவரைச் சாய்த்தவன் கிடையாது. எங்கள் பக்கத்துக் குஸ்தியில் மார்பிலும் கையிலும் செம்மண் பூசிக்கொள்வோம். முதுகை மட்டும் துண்டால் சுத்தமாகத் துடைத்துவிடுவார்கள். இரண்டு தோள்பட்டையிலும் மண் ஒட்டினால் தோல்வி. ஒன்றில் மட்டும் என்றால் ஆட்டம் தொடரும்.

என் முதுகைத் துடைத்துவிட்டது என் அண்ணன். அப்பா போன பிறகு எனக்குச் சோறு போட்டவன் அவன்தான்.

எடுத்த எடுப்பிலேயே எதிராளி தலையால் முட்டி என் மூக்கை உடைத்தார். வாயெல்லாம் ரத்தம். எனக்கு வெறி ஏறிவிட்டது. காலை வாரி அவரைத் தூக்கி அடித்தேன். வலது தோள் பொத்தென்று மண்ணில் விழுந்தது. இடது தோளை என் பலமெல்லாம் கூட்டி அழுத்தினேன். ஊஹும், அது தரையைத் தொடவே இல்லை. மேலே கிடந்த எனக்கு அது நன்றாகத் தெரியும்.

அதற்குள் அண்ணன், "உழுந்துட்டான்! சோலி முடிஞ்சுது!" என்று கத்திக்கொண்டு குஸ்திக் குழிக்குள் குதித்துவிட்டான். ஆட்டம் முடியாமல் வெளியாள் குழியில் கால் வைத்தால் அது எதிராளியின் ஊரையே மிதித்த மாதிரி. பாவி, சந்தோஷத்தில் மறந்துபோனான். மேட்டுப்பாளையத்தான் ஒருவன் மாட்டு வண்டியின் முளைக்குச்சியை உருவி வந்து அவன் மண்டையில் போட்டான். அண்ணன் சுருண்டான். விழுந்தவனைச் சுற்றி நின்று ஆளுக்கொரு குச்சியால் அடித்தார்கள். எங்கள் ஆட்கள் கல்லை எடுத்தார்கள். தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் ஓடிப்போனார். நாலு பேர் என்னை அமுக்கிப் பிடித்திருந்தார்கள். அண்ணன் கண்ணில் குச்சி இறங்கியதைப் பார்த்தேன். ஐயோ, செத்தான் என்றே நினைத்தேன்.

அப்போதுதான் என் எதிராளி எழுந்தார். குனிந்து ஒரு கை மண்ணை அள்ளி, தன் இடது தோளின் பின்னால் அறைந்து பூசினார். கூட்டத்துக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு அலறினார்.

"ஏனுங்க, நிறுத்துங்க! நான் தோத்துப்போட்டனுங்க! ரண்டு தோளும் மண்ணுதான், பாத்துக்கோங்க!"

குச்சிகள் நின்றன. தங்கள் ஆளே தோற்றேன் என்ற பிறகு எதற்காக அடிப்பார்கள்?

"இல்லீங்க, படலீங்க!" என்று நான் கத்தினேன். அவர் வந்து என் வாயைப் பொத்தினார்.

"சும்மா இரு கண்ணு. உங்கண்ணனுக்கு மூச்சு இருக்குதான்னு பாரு, போ."

மூச்சு இருந்தது. ஒரு கண் போயிற்று.

நான் அண்ணனை மடியில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தபோது அவருடைய ஆட்கள் அவரை அடித்துக்கொண்டிருந்தார்கள். ஊர் மானத்தை வாங்கிவிட்டானாம். அதே குச்சிகள். நாலு பேரை ஒரே வீச்சில் தள்ளக்கூடியவர், கையைத் தூக்கவில்லை. தூக்கினால் சண்டை மறுபடி ஆரம்பித்துவிடும் என்று நின்று வாங்கிக்கொண்டார்.

எங்கள் ஆட்கள் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு, சாம்பியன், சாம்பியன் என்று கூவினார்கள். "எறக்குங்கடா, அவரைக் கொல்றாங்கடா!" என்று கதறினேன். ஒருத்தனும் திரும்பிப் பார்க்கவில்லை.